போக்கிடம் உள்ளவரை

அரசு வேண்டாம் என்றவர்கள் – 17

‘தரக்குறைவு’ என்ற சொல்லை நாம் பெரும்பாலும் செய்தித்தாளில்தான் பார்க்கிறோம். மேடையில் ஒருவர் இன்னொருவரைத் தரக்குறைவாகப் பேசினார், கண்டனம் எழுந்தது, வருத்தம் தெரிவித்தார் என்று இரண்டு நாளில் அந்தச் சொல்லின் வேலை முடிந்துவிடும். பழனிமலைச் சரிவுகளிலும், அதற்குத் தெற்கே வருசநாடு, திருவில்லிபுத்தூர் மலைகளிலும் வாழும் பளியருக்கு அந்த ஒரு சொல்லே சட்டம். அடுத்தவரின் தரத்தைக் குறைக்கிற எதையும் செய்யக்கூடாது. அடிக்கக்கூடாது, ஏவக்கூடாது, போட்டி போட்டு முந்தி நிற்கக்கூடாது. அப்பன் பிள்ளைக்குச் செய்தாலும், புருஷன் பெண்டாட்டிக்குச் செய்தாலும் தரக்குறைவு தரக்குறைவுதான்.

இதை வெளியுலகுக்கு எழுதிக் காட்டியவர் பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானுடவியலர். 1962 முதல் 1964 வரை தென்தமிழக மலைகளில் பளியரோடு தங்கினார். 1966இல் அவர் வெளியிட்ட கட்டுரை, தலைவன் இல்லாமல் ஒரு சமூகம் எப்படி ஓடுகிறது என்ற கேள்விக்கு இன்றுவரை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கும் சான்று.

சென்ற இதழில் நாம் பம்பாயில் நின்றோம். பாரதியோடு ‘இந்தியா’ இதழ் நடத்திய மண்டயம் பார்த்தசாரதி திருமலாச்சாரியா ஐரோப்பாவெல்லாம் சுற்றி, அரசு என்ற அமைப்பையே மறுப்பவராகத் திரும்பிவந்து, 1954இல் அந்த நகரத்தில் வறுமையில் இறந்ததைப் பார்த்தோம். ஆச்சாரியா முதலாளியத்தையும் சேர்த்தே எதிர்த்தவர். அவர் கடைசிக் காலத்தில் பணியாற்றிய, லோட்வாலா என்பவரின் நிறுவனமோ 1950களில் கட்டற்ற சந்தையின் பக்கம் திரும்பி, ‘இந்தியன் லிபர்டேரியன்’ இதழ் வழியே அந்தக் கருத்துகளைப் பரப்பியது. அரசு வேண்டாம் என்ற ஒரே வாக்கியத்திலிருந்து இரண்டு பாதைகள் பிரிந்தன. இரண்டாவது பாதை போய்ச் சேர்ந்த இடத்துக்குப் பெயர் அரசிலா முதலாளியம்.

அதன் வேர் 1849இல் இருக்கிறது. பெல்ஜியத்தில் பிறந்த குஸ்தாவ் தெ மொலினாரி அந்த ஆண்டு பாரிஸ் பொருளியல் இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை எழுதினார். ரொட்டியும் துணியும் பல கடைகளில் கிடைக்கும்போது விலை இறங்குகிறது, தரம் ஏறுகிறது. அப்படியிருக்க, உயிருக்கும் உடைமைக்கும் காவல் என்ற சரக்கை மட்டும் ஏன் ஒரே கடையில், அந்தக் கடைக்காரன் சொன்ன விலைக்கு வாங்கவேண்டும்? நண்பர்களே அவரை ஏற்கவில்லை. நூறாண்டு கழித்து நியூயார்க்கில் மறே ராத்பார்ட் (1926–1995) அந்தக் கேள்வியை ஒரு முழுத் தத்துவமாகக் கட்டினார். ஒவ்வொருவருக்கும் தன் உடல் சொந்தம். யாருக்கும் சொந்தமில்லாத நிலத்தில் முதலில் உழைத்தவருக்கு அந்த நிலம் சொந்தம். இந்த இரண்டிலிருந்தே மற்ற எல்லா உரிமையும் பிறக்கிறது. சம்மதமில்லாமல் வாங்குகிற வரி கொள்ளை. போலீஸும் கோர்ட்டும் கட்டணத்துக்கு வேலை செய்யும் தனியார் நிறுவனங்களாக இருக்கட்டும்; பிடிக்காவிட்டால் வாடிக்கையாளர் வேறு நிறுவனத்துக்கு மாறிக்கொள்வார். 1973இல் ராத்பார்ட்டின் நூல் ஒன்றும், மில்டன் ஃபிரீட்மனின் மகன் டேவிட் ஃபிரீட்மனின் நூல் ஒன்றும் இதைப் பரவலாகக் கொண்டுசென்றன. மகன் ஃபிரீட்மன் உரிமை பேசுவதைவிடக் கணக்குப் போடுவதையே விரும்புகிறவர். 930 முதல் 1262 வரை அரசனே இல்லாமல் இருந்த ஐஸ்லாந்தைத் தன் சான்றாக எடுத்துக்கொண்டார். 2023 டிசம்பரில் அர்ஜென்டினாவின் அதிபராகப் பதவியேற்ற ஹவியேர் மிலெய் இந்தத் தத்துவத்தின் பெயராலேயே தன்னை அழைத்துக்கொள்பவர். ஆக, இதை ஏதோ மூலையில் கிடக்கும் கோட்பாடு என்று ஒதுக்க முடியாது.

இதற்கு எழுந்த மறுப்புகளில் கனமானது ராபர்ட் நோசிக் 1974இல் வைத்தது. காவல் நிறுவனங்களை விட்டுவைத்தால், அவற்றில் வலுத்தது ஒன்று மற்றவற்றை அடக்கி மெல்ல அரசாகவே மாறும் என்றார் அவர். மாறுமா, மாறாதா என்று ஐம்பது ஆண்டுகளாக வாதம் நடக்கிறது. ஐஸ்லாந்தின் பழங்கதைகளில் விடை தேடுகிறார்கள். நம் திண்டுக்கல் சீமையில், பழனிமலையின் அடிவாரத்திலேயே, இதைவிடக் கிட்டத்தில் ஒரு சான்று கிடக்கிறது. அதைச் சொல்லிவிட்டுத்தான் மலையேற வேண்டும்.

காவலுக்குக் கூலி என்பது தமிழ்நாட்டில் பழையது. சோழர் கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ என்றே ஒரு வரி வருகிறது. நாயக்கர் காலத்தில் அந்த வருமானம் பாளையக்காரர் கைக்குப் போனது. மலையடிவாரத்து விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் கும்பினியை எதிர்த்துத் தோற்று 1801இல் தூக்கிலிடப்பட்டார். பாளையங்களோடு அவற்றின் காவல் உரிமையையும் கும்பினி பறித்தது. ஆனால் பறித்த இடத்தில் எதையும் வைக்கவில்லை. போலீஸ் சட்டம் காகிதத்தில் வந்தது. ஸ்டேஷன் பல மைல்களுக்கு அப்பால் இருந்தது. களத்து நெல்லையும் தொழுவத்து மாட்டையும் யார் பார்ப்பது? ஊர்க்காரர்கள் பழைய காவல்காரர்களையே நம்பினார்கள். மதுரைக்கு மேற்கேயும் வடக்கேயும் அந்தக் காவல்காரர்களில் பலர் கள்ளர் சமூகத்தவர். அறுவடையில் ஒரு பங்கு அவர்களுக்கு. காவலில் இருந்த மாடு காணாமல் போனால் கண்டுபிடித்துத் தரவேண்டும், இல்லையென்றால் அதன் விலையை ஈடு கட்டவேண்டும். ராத்பார்ட்டும் ஃபிரீட்மனும் புத்தகத்தில் வரைந்த நிறுவனம் அச்சாக இதுதான். காவலும் காப்பீடும் ஒரே கையில்.

நன்றாக நடந்த ஊர்களில் நன்றாகவே நடந்தது. சொன்ன சொல் மாறாத காவல்காரரின் வீட்டுக்கு ஊர் காட்டிய மரியாதை கொஞ்சமல்ல. ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு இன்னொரு முகமும் இருந்தது. காவல் வைக்காத வீட்டின் மாடு ஓர் இரவில் காணாமல் போகும். யாரிடம் கேட்கவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். மாட்டின் விலையில் ஒரு பங்கைத் ‘துப்புக்கூலி’யாகக் கொடுத்தால், குறிப்பிட்ட ஓடைக்கரையில் மாடு கட்டியிருக்கும். காவல் காப்பவன், களவு செய்பவன், கண்டுபிடித்துத் தருபவன் என்ற மூன்று வேலைக்கும் நடுவிலிருந்த கோடு அழிந்தது. வாடிக்கையாளர் வேறு நிறுவனத்துக்கு மாறலாம் என்பது ஏட்டில் எளிது. இங்கே மாற நினைத்தவரின் தொழுவம்தான் முதலில் காலியானது.

1896இல் திண்டுக்கல் பகுதி ஊர்கள் வேறொரு வழி கண்டன. ‘ஃபண்ட்’ என்ற ஆங்கிலச் சொல் மக்கள் வாயில் ‘பண்டு’ ஆனது. வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் போட்டு, மாடு போனவருக்கு அந்தப் பணத்திலிருந்து ஈடு கொடுப்பது. இனி யாரும் கள்ளர் காவல் வைப்பதில்லை, துப்புக்கூலி கொடுப்பதில்லை என்று கட்டுப்பாடு. அரசு கேட்காமல், தாங்களாகவே செய்துகொண்ட பரஸ்பரக் காப்பீடு அது. இதுவரை படிக்கும்போது உள்ளம் பூரிக்கிறது. அடுத்து நடந்ததை எழுதக் கை கூசுகிறது. கட்டுப்பாடு ஒரு சமூகத்தின் மீதான துரத்தலாக மாறியது. காவலே அறியாத, உழுது பிழைத்த குடும்பங்களின் வீடுகளும் எரிந்தன. பலர் ஊரைவிட்டு ஓடினார்கள். பின்னால் அரசு உள்ளே வந்து, சமூகம் முழுவதன் மீதும் குற்றப் பரம்பரைச் சட்டத்தைப் போர்த்தியது. கைரேகைப் பதிவை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் செத்தார்கள்.

இந்த வரலாற்றை அரசிலா முதலாளியர்கள் படித்தால், ‘முதலில் காவலைக் குலைத்ததே அரசுதான்’ என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. நோசிக் படித்தால் தன் பயம் சரி என்பார். அதிலும் உண்மை இருக்கிறது. என் மனத்தில் நிற்பது வேறு. காக்கவேண்டிய பொருள் இருந்த இடத்தில்தான் இவ்வளவும் நடந்தது. மாடு, களம், வேலி. அடிவாரத்திலிருந்து சில மணி நேரம் நடந்தால் அவை எதுவும் இல்லாத மனிதர்கள் இருந்தார்கள்.

மலைமேல் எல்லாரும் அப்படி இல்லை என்பதை உடனே சொல்லவேண்டும். பூம்பாறை, மன்னவனூர், வில்பட்டி போன்ற மேல்மலைக் கிராமங்களில் குன்னுவர் பல நூற்றாண்டுகளாக வேளாண்மை செய்தவர்கள். அவர்களுக்கு மன்னாடி என்ற தலைவர் உண்டு. புலையர் அவர்களிடம் கட்டுண்டு உழைத்ததை 1868இல் ஜே. எச். நெல்சன் தன் மதுரைச் சீமை நூலில் எழுதினார். பளியர் இருந்தது அந்த வயல்களுக்குக் கீழே, சோலைக்கும் சமவெளிக்கும் நடுவிலுள்ள சரிவுகளில். வள்ளிக்கிழங்கு தோண்டி, தேன் எடுத்து, பாறைக் குகையிலும் புல் குடிசையிலும் தங்கினார்கள். இயேசு சபைப் பாதிரியார் டாமன் 1908இல் ‘ஆந்த்ரோபோஸ்’ இதழில் பழனிமலைப் பளியரைப் பற்றி எழுதினார். தென்னிந்தியக் குலங்களைப் பற்றிய தன் தொகுதிகளில் எட்கர் தர்ஸ்டன் அதை எடுத்தாண்டார்.

கார்ட்னர் கண்டது அதற்கும் அரை நூற்றாண்டுக்குப் பின். இருபது முப்பது பேர் கொண்ட சிறு கூட்டங்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் உணவைத் தானே தேடிக்கொள்ளும். மணவாழ்வு கசந்தால் இருவரில் யாரும் விலகலாம். பிள்ளைகளின் விளையாட்டில் தோற்றவர், ஜெயித்தவர் கிடையாது. பெரிய வேட்டை கிடைத்தால் ஆளுக்குச் சமக் கூறு. இரண்டு பேருக்குள் மனத்தாங்கல் வந்தால் அடுத்தவர் ஒருவர் இதமாகப் பேசித் தணிப்பார், தீர்ப்புச் சொல்லமாட்டார். அதிலும் தணியாவிட்டால் ஒருவர் எழுந்து வேறு கூட்டத்துக்குப் போய்விடுவார். அதோடு சரி. சாமி வந்து இறங்கி வாக்குச் சொல்வதுண்டு. மனிதன் மனிதனுக்குக் கட்டளையிடுவதில்லை. எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று: பளியர் அதிகம் பேசுவதில்லை. நாற்பது வயதைத் தாண்டும்போது பலர் ஏறக்குறைய மௌனமாகிவிடுகிறார்கள். வாயாடுவது அடுத்தவர்மேல் ஏறி நிற்பது போல அவர்களுக்குப் படுகிறது. செடி கொடிகளின் பெயரில்கூட ஆளுக்கு ஆள் வேறுபாடு இருக்கும். ‘நீ சொல்வது தப்பு’ என்று யாரும் திருத்தமாட்டார்கள், ஏனென்றால் அவரவர் அறிவு அவரவர் கண்டது.

ராத்பார்ட் இதைப் படித்திருந்தால் மகிழ்ந்திருப்பார் என்று நம்புகிறேன். தன் உடல் தனக்கே சொந்தம் என்ற அவருடைய முதல் விதியை இவ்வளவு முழுமையாக வாழ்ந்து காட்டியவர்கள் அரிது. பளியருக்கு வணிகம் தெரியாது என்றும் எண்ணிவிடக்கூடாது. தேனையும் சீயக்காயையும் கடுக்காயையும் கொடுத்துவிட்டு உப்பும் துணியும் இரும்பும் வாங்கியவர்கள். கேரளத்து மலைப்பண்டாரத்தாரிடம் ஆய்வு செய்த பிரையன் மாரிஸ், 1982இல் வந்த தன் நூலுக்குக் ‘காட்டு வணிகர்’ என்ற பொருளிலேயே தலைப்பு வைத்தார். அவர் அராஜகவாதத்தை வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட அறிஞர் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

ஆனால் இரண்டாவது விதியில் பாதை பிரிகிறது. கிழங்கு இருந்த குழிக்குப் பளியர் வேலி போடவில்லை. தோண்டியவருக்குக் கிழங்கு, அதற்குமேல் நிலத்தோடு வழக்கில்லை. நிலத்துக்குச் சொந்தக்காரன் இல்லாததால்தான் சண்டை வந்தபோது எழுந்துபோக இடம் இருந்தது. அவர்களுடைய கோர்ட், போலீஸ், சிறை எல்லாமே அந்தப் போக்கிடம்தான். மலையை முழுக்கப் பங்கு போட்டு ஒவ்வொரு பங்குக்கும் ஒரு பெயர் எழுதிவிட்டால், பங்கில்லாதவர் நிற்கிற இடமெல்லாம் அத்துமீறல் ஆகிவிடும். எல்லாவற்றுக்கும் சொந்தக்காரர் இருந்தால்தான் சுதந்திரம் என்று தொடங்கும் தத்துவம், அந்த எல்லாவற்றிலும் எதுவும் இல்லாதவர் எங்கே நடந்துபோவார் என்பதற்கு மனம் ஒப்பும் விடை தரவில்லை.

பழனிமலையில் பங்கு போட்ட கதை நமக்குத் தெரியும். 1821இல் லெப்டினென்ட் வார்டு வெள்ளகவியில் தங்கி மலையை அளந்தார். 1845இல் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார், சமவெளிக் காய்ச்சலுக்குக் குடும்பங்களைப் பறிகொடுத்தவர்கள், கொடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். 1863இல் லெவிஞ்ச் என்ற அதிகாரி ஓடைக்குக் கரை எழுப்பி ஏரியை உண்டாக்கினார். 1875இல் அம்மையநாயக்கனூருக்கு ரயில் வந்தது. 1882இல் சென்னை வனச் சட்டம். 1899இல் கொடைக்கானல் நகராட்சி. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மலைமேல் வண்டிச் சாலை. கீழ்மலையில் காப்பியும் ஏலமும் ஆரஞ்சும். மலை முழுக்க நான்கு சொற்களுக்குள் அடங்கியது: பட்டா, எஸ்டேட், ரிசர்வ், புறம்போக்கு. இந்த வரிசையைக் கவனியுங்கள். சந்தை முதலில் வந்து, அதைக் காக்க அரசு பின்னால் வரவில்லை. சர்வே சங்கிலி முன்னே போனது; கிரயப் பத்திரம் அதன் பின்னே வந்தது. இந்த மலையில் தனிச்சொத்தைப் பெற்றெடுத்தது அரசு. தாயை விலக்கிவிட்டுப் பிள்ளையை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பவர்கள் இந்தப் பிறப்பைப் பற்றியும் பேசவேண்டும்.

நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். ராத்பார்ட் இதைப் பேசாமல் இல்லை. 1982இல் வந்த தன் அறவியல் நூலில், அரசு தன் ஆட்களுக்கு எழுதிக்கொடுத்த நிலமெல்லாம் திருட்டு நிலம் என்றும், அதில் தலைமுறைகளாக உழைத்தவருக்கே அது சேரவேண்டும் என்றும் எழுதினார். லத்தீன் அமெரிக்கப் பண்ணையார்களை அவர் விட்டுவைக்கவில்லை. அந்த அளவுகோலைப் பழனிமலையில் வைத்தால் பல எல்லைக்கற்கள் ஆட்டம் காணும். ஆனால் அவருடைய ‘உழைப்பு’, நிலத்தை மாற்றுகிற உழைப்பு. உழுதிருக்கவேண்டும், நட்டிருக்கவேண்டும். மண்ணில் தடம் விடாமல் வாழ்ந்ததுதான் பளியரின் கைத்திறம். அந்தத் திறமே அவர்களுக்கு எதிரான சாட்சியானது.

பளியர் வாழ்வைச் சொர்க்கமாக்கிக் காட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. விலகிப் போவது என்ற ஒரே ஆயுதம் உறவுக்காரரிடம் பலித்தது, வெளியாளிடம் பலிக்கவில்லை. வனப்பொருள் எடுக்கும் உரிமையை ஏலத்தில் எடுத்த கான்ட்ராக்டர், முன்பணம் கொடுத்து, கணக்கைத் தானே எழுதி, தேனுக்குத் தான் நினைத்த விலையைக் கொடுத்தார். தோட்டங்களிலும் முன்பணமே விலங்கு. மிரட்டினால் திருப்பி மிரட்டுவதும் தரக்குறைவு என்று ஒதுங்குகிறவர்களை ஏமாற்றுவது எவ்வளவு எளிது! பளியரிடம் ‘உங்கள் தலைவர் யார்?’ என்று கேட்ட அதிகாரிகளும் குத்தகைதாரர்களும், பதில் கிடைக்காதபோது தாங்களே ஒருவரைத் தலைவராக்கினார்கள். கூப்பிட ஓர் ஆள் வேண்டுமே! அந்தத் தலைவர் பேச்சைப் பளியர் கேட்டதாகக் கார்ட்னர் காணவில்லை. 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது அரசிடமிருந்துதான் என்பதையும் நான் மறக்கவில்லை. நிலத்தை எடுத்த அதே கைதான் விலங்கை அறுக்கவும் நீண்டது. அது முழுதாக அறுத்ததா என்பது வேறு.

2006இல் வன உரிமைச் சட்டம் நிறைவேறியது. காட்டில் வாழ்ந்தவர்களுக்கு இழைத்த வரலாற்று அநீதியை அதன் முகவுரையே ஒப்புக்கொள்கிறது. அப்படி ஒப்புக்கொள்ளும் சட்டங்கள் நம் நாட்டில் அபூர்வம். பளியர் பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள். 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து நிலத்தைப் பயன்படுத்தி வந்தால் நான்கு ஹெக்டேர் வரை உரிமை உண்டு. தேன் போன்ற சிறு வனப்பொருள்மேல் சொந்தம் உண்டு. தமிழ்நாட்டில் நீதிமன்ற உத்தரவு ஒன்றால் பட்டா வழங்குவது பல ஆண்டுகள் நின்றிருந்து, 2016இல்தான் தடை நீங்கியது. இதற்கிடையில், 2013இல், பழனிமலையில் 600 சதுர கிலோமீட்டருக்கு மேல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

உரிமை கேட்பவர் கிராமசபையில் மனுக் கொடுக்கவேண்டும். மனு அங்கிருந்து கோட்ட அளவிலான குழுவுக்கும் பிறகு மாவட்டக் குழுவுக்கும் போகும். அத்தோடு சான்று வேண்டும். என்னென்ன சான்று என்று விதிகளில் ஒரு பட்டியல் இருக்கிறது. அரசுப் பதிவேடு, வீடு, வரப்பு, கிணறு, இடுகாடு, கும்பிடும் இடம். இவற்றில் பெரும்பாலானவை தங்கி வாழ்ந்தவர்கள் விட்டுச்செல்பவை. பட்டியலில் பளியருக்குக் கைகொடுக்கக்கூடியது ஒன்று உண்டு: மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவரின் வாக்குமூலம். அதை எழுத்தில் பதிவுசெய்யவேண்டும் என்கிறது விதி. நாற்பது வயதுக்குப் பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்ட ஒரு கிழவர் கூட்டத்தின் நடுவே நிற்கிறார். இந்த ஓடையிலிருந்து அந்தப் பாறைவரை எங்களுடையது என்று, வாழ்நாளில் ஒருமுறையும் சொல்லியிராத வாக்கியத்தை, அவர் உரக்கச் சொல்லவேண்டும். ஒருவர் பேனாவோடு காத்திருக்கிறார்.

(தொடரும்)